பெற்றோர் வீட்டைக் காலி செய்யும்போது: நாமே பிரிப்பதா, மொத்தமாகக் கொடுப்பதா, கிடங்கா, பூட்டா?

"குரோம்பேட்டையில் அம்மாவின் வீடு. அப்பா முன்பே போய்விட்டார். அம்மாவுக்குத் தலைத் திவசமும் முடிந்துவிட்டது. அண்ணன் நியூஜெர்சியில், நான் புனேயில். இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது பத்துப் பதினைந்து நாள்தான். சாமான்களை என்ன செய்வது?"

மேற்கு மாம்பலத்தில் என் பெற்றோர் வீட்டைக் காலி செய்து கொடுத்ததிலிருந்து, ஊரும் உறவும் மட்டும் மாறி இதே கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் "யாரிடம் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும்" என்றுதான் தொடங்குகிறார்கள். விலை கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். யார் முடிவெடுப்பது, காகிதங்களை யார் பார்ப்பது என்ற இரண்டும் தெளிவானால் மற்றதெல்லாம் வண்டி, ஆள், கூலி என்ற கணக்கில் அடங்கிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் வீட்டின் கதியைப் பாருங்கள். வாடகை வீடு என்றால் மாதா மாதம் பணம் போகும். வெள்ளையடிக்கும் செலவை வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். நாள் கடத்த வழியில்லை. சொந்த வீட்டை வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் நாள்காட்டியையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் சென்னையில் குடிவருவோர் குறைவு. ஆனியில் அவசர அவசரமாகக் காலி செய்த வீடு ஆவணி வரை சும்மா கிடக்கும். வீடு மாறுவோர் இல்லாத ஆடியில் வண்டியும் ஆளும் கிடைப்பது எளிது என்பதால் காலி செய்வதற்கு அதுவே நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். திறந்த வண்டியில் போகும் மெத்தையும் புத்தகமும் ஒரு மழைக்குத் தாங்காது.

அடுத்தது, கடைசிச் சொல் யாருடையது. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவரும் பேசலாம். ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்து "இது போகலாம்" என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். அவர் வீட்டில் இருப்பவராகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோவில் பார்த்துக் கேட்டதை எடுத்துவைக்கலாம். சென்னையில் காலை ஏழு மணி என்றால் நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு. இருவரும் விழித்திருக்கும் அந்த நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். பெற்றோர் உயிரோடு இருந்து, முதியோர் இல்லத்துக்கோ பிள்ளை வீட்டுக்கோ மாறியிருந்தால் கடைசிச் சொல் அவருடையது. அவருக்குத் தெரியாமல் ஒரு டம்ளரைக்கூட அகற்றாதீர்கள். "என் வெண்கலப் பானை எங்கே?" என்று அம்மா கேட்கும்போது சொல்வதற்கு எந்தப் பதிலும் நல்ல பதிலாக இருக்காது.

பிறகு கையில் உள்ள நாள், எந்த மாடி, லிஃப்ட் உண்டா, தெருவில் லாரி நுழையுமா அல்லது குட்டி யானைதான் வருமா என்பவை.

பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாற்பது ஆண்டு சேர்த்த சாமான் பழைய விலைக்குப் போகும்போது கைக்கு வருவது மனத்தை வருத்தும் அளவுக்குக் குறைவாகவே இருக்கும். அதைப் பெருக்க முயல்வதைவிட, காகிதக் கட்டுக்குள் கிடக்கும் பணத்தைத் தவறவிடாமல் இருப்பதே லாபம்.

## எந்த வழியானாலும் காகிதம் முதலில்

வெளியாள் யாரும் வீட்டுக்குள் வருவதற்கு முன்பு காகிதங்களைக் குடும்பத்தார் பார்த்து முடித்துவிட வேண்டும். அவை மேசை இழுப்பறையில் மட்டும் இருப்பதில்லை. இரும்பு பீரோவின் உள் லாக்கர், அடுக்கிய பட்டுப்புடவைகளின் மடிப்பு, சாமி அலமாரியின் அடித்தட்டு, பழைய பஞ்சாங்கத்தின் நடுப்பக்கம், பீரோ தட்டில் விரித்திருக்கும் நாளிதழின் அடிப்பக்கம் என எங்கும் இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள்.

தேட வேண்டியவற்றில் முதலிடம் வீட்டின் மூலப்பத்திரத்துக்கு. அது தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டும். அடுத்தது அடகுச் சீட்டு. நகை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருக்கும். சீட்டு ஒரு பர்ஸில் நான்காக மடித்துக் கிடக்கும். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

காகிதமாகவே இருக்கும் பழைய பங்குப் பத்திரங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை பெறாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். உரிய ஆவணங்களோடு வாரிசுகள் மீட்க முடியும். பத்தாண்டு தொடப்படாத வங்கி வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. எந்த வங்கி என்று தெரிந்தால் தேடுவது எளிது. அதற்காகவாவது கிழிந்த பாஸ்புக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் பத்திரப்படுத்தி மறந்த பழைய 500, 1000 ரூபாய்த் தாள்களும் கிடைக்கலாம். செல்லாத அந்தத் தாள்களைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் 25 வரை அனுமதி உண்டு. அமெரிக்கா போகும் பெட்டியில் நினைவுக்காகக் கட்டுக்கட்டாக எடுத்துப் போக வேண்டாம்.

ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் உள்ள தாள்கள் ஆகியவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்தால் கூழாகிவிடும். போகிக்கு எரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தப் பை பரணிலேயே இருக்கும்.

## வழி ஒன்று: நாமே உட்கார்ந்து பிரிப்பது

மெதுவான வழி, மனத்துக்கு நிறைவானதும் இதுதான். எந்தப் பொருள் யாருக்குப் போனது என்பது தெரியும். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான், நாள் இருந்தால்.

சமையலறையில் உலோகங்களைக் கலக்காதீர்கள். செம்பு, வெண்கலம், பித்தளை, அலுமினியம், இரும்பு ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஒரே மூட்டையாகக் கொண்டுபோனால் எல்லாம் குறைந்த விலைக்கே போகும். தட்டினால் நீண்டு ஒலிப்பது வெண்கலம். ரசம் வைத்த ஈயச்சொம்பு பார்க்க மங்கலாக, கை பட்டாலே நசுங்குவதாக இருக்கும். அலுமினியக் குவியலில் அதைப் போட்டுவிடுவார்கள். அது வெள்ளீயம், செம்பைவிட விலை கூடியது. எவர்சில்வர் பாத்திரங்களின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். எந்த அத்தை எந்தக் கல்யாணத்துக்குக் கொடுத்தது என்பது அதில் தெரியும். எடைக்குப் போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த அத்தையின் பிள்ளைகளில் யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பட்டுப்புடவை வாங்க வீடு தேடி வருபவர்கள், அசல் சரிகையை உருக்கினால் கிடைக்கும் வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். சரிகையின் தரம் தெரியாமல் வாசலிலேயே விலை பேசாதீர்கள். கட்டக்கூடிய நிலையில் உள்ளவை உறவுக்காரப் பெண்களிடம் போகட்டும்.

பரண் ஒரு தனி நாள் வேலை. கொலுப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருக்கும். இடுக்குகளில் எந்த ஆண்டின் செய்தித்தாளோ திணித்திருக்கும். தசாவதாரத்தில் ஒன்றுக்குக் கால் உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கும். தயவுசெய்து செட்டைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்காதீர்கள். புதிதாகக் கொலு வைக்கத் தொடங்கும் குடும்பம் ஒன்று தெரிந்த வட்டத்தில் கட்டாயம் இருக்கும். ஆவணியிலேயே சொல்லிவைத்தால் நவராத்திரிக்குள் அவர்களே வந்து எடுத்துப் போவார்கள்.

புத்தகங்களில் பாடநூலும் ஜோதிட மலரும் எடைக்குத்தான். ஆனால் அந்தக் காலத்தில் வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருப்பார்கள்; ஓவியமும் விளம்பரமும் அதில் அப்படியே இருக்கும். இத்தகையவற்றையும் பழைய சிறு வெளியீடுகளையும் பற்றித் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் காலமெல்லாம் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-இல் தொடங்கிய நூலகம் அது. ஓலைச்சுவடி கிடைத்தால் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகம். மூட்டையோடு போய் நிற்காமல், பட்டியலும் படமும் முதலில் அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ளதை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். மற்ற நல்ல புத்தகங்களுக்குத் திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன.

வாக்கர், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, கழிப்பறை நாற்காலி ஆகியவற்றை விற்க மெனக்கெட வேண்டாம். முதியோர் இல்லங்களும் நோய்த்தணிப்புச் சிகிச்சை மையங்களும் அன்றே வாங்கிக்கொள்ளும். உடுக்கத் தகுந்த துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தால் கூஞ்ச் போன்ற அமைப்புகள் எடுத்துக்கொள்கின்றன. சாமி படங்களைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைப்பது வழக்கமாகிவிட்டது. மழையில் நனைந்து கண்ணாடி உடைந்து அங்கே அவை கிடக்கும் நிலையைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி எடைக்குப் போட்டு, படத்தை மண்ணில் சேர்ப்பது மரியாதையாக இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோரைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட வேலைக்கார அம்மாவை, வெளியாட்களைக் கூப்பிடுவதற்கு முன்பே அழைத்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாம் கழித்துக் கட்டியதில் மிஞ்சியதைக் கொடுப்பது அவருக்கு மரியாதை இல்லை. அவர் ஃபிரிட்ஜையோ பீரோவையோ கேட்டால் வண்டி வாடகையையும் ஏற்றி இறக்கும் கூலியையும் நீங்களே கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொருள் அவருக்குச் செலவாக முடியும்.

இந்த வழியின் மறைந்த செலவு: விடுப்பு, விமான டிக்கெட், தூசியால் வரும் இருமல், உடன்பிறந்தாரிடையே வரும் உரசல். முதல் நான்கு நாள் ஆல்பம் பார்த்துக் கழித்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் எல்லாவற்றையும் வாரிக் கொட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஆல்பங்களை முதல் நாளே ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். அவற்றை எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம்.

## வழி இரண்டு: மொத்தமாக விலை பேசுவது

பழைய சாமான் வாங்குபவர் வருவார், அறை அறையாக நடப்பார், ஒரே தொகை சொல்வார். அவர் கண் தேக்குக் கட்டிலிலும் ஏசியிலும் செம்பிலும் இருக்கும். ஒரே நாளில் வீடு வெறுமையாகிவிடும் என்பது இதன் பெரிய வசதி. நாள் இல்லாதவர்களுக்கு இதைவிட வேறு வழியும் இல்லை.

"மொத்தமாக" என்ற சொல்லில்தான் சிக்கல் வரும். விலை போவதை எடுத்துக்கொண்டு பஞ்சு மெத்தை, தலையணை, விரிசல் விட்ட பீங்கான், பழைய பெட்டி டிவி ஆகியவற்றை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தொடவே மாட்டார்கள். எனவே, கடைசிப் பொருள் வரை அகற்றிப் பெருக்கித் தர வேண்டும் என்பதை முதலிலேயே பேசுங்கள். தொகையை ஏற்றுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிறு பகுதியை வீட்டைப் பெருக்கித் தந்த பிறகு திருப்பித் தருவதாக வைத்துக்கொண்டால் மிச்சமும் போய்விடும். இரண்டு மூன்று பேரைத் தனித்தனி நேரத்தில் வரச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் லிஃப்டுக்கும் வண்டி நிற்பதற்கும் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படிக்கட்டுச் சுவரில் கீறல் விழுந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

மிஞ்சிப்போன சோபா, மெத்தைக்குச் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் அதன் 1913 எண்ணை அழையுங்கள். மின்சாதனங்களை அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

பழைய தனி வீடு இடிபடப்போகிறது என்றால் கணக்கே வேறு. மெட்ராஸ் டெரஸ் கூரையில் வரிசையாகத் தேக்குச் சட்டங்கள் இருக்கும். நிலை, கதவு, ஜன்னல், கம்பி என்று எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இடிப்பவர் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துத்தான் இடிப்பார். அந்தப் பணம் உங்களுக்கா பில்டருக்கா என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது பில்டருக்குப் போய்விடும்.

## வழி மூன்று: வாடகைக் கிடங்கு

அண்ணனால் தை மாதம்தான் வர முடியும், வீட்டை ஆவணியில் கொடுத்தாக வேண்டும் என்பது போன்ற நிலைக்கு ஏற்றது. திரும்ப எடுக்கும் தேதி தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். தேதி இல்லாமல் வைத்த சாமானுக்கு மாத வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். சாமானின் மதிப்பை அது தாண்டுவதற்கு அதிக காலம் ஆகாது. ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி எல்லாம் இரண்டு முறை. சென்னையின் ஈரக்காற்றில் புத்தகமும் தோல் பொருளும் பூஞ்சை பிடிக்கும். கிடங்கு தரைத்தளம் என்றால் 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா என்று எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள்.

## வழி நான்கு: பூட்டி வைப்பது

இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். முதல் ஓராண்டு எதையும் தொடக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. வாரிசுகளுக்குள் சொத்துத் தகராறு இருந்தால் பூட்டி வைப்பதுதான் சரி. வக்கீலைக் கேட்காமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டாம்.

ஆனால் பூட்டிய வீடு செலவு வைக்கும். அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரியும் குடிநீர் வரியும் வரும். அடுக்குமாடி என்றால் பராமரிப்புத் தொகை. கரையான் மர அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஏறும், முன்பக்கம் பார்த்தால் தெரியாது. ஓடாத மோட்டார் இறுகிவிடும். மூடாத தொட்டியில் கொசு பெருகினால் மாநகராட்சி அபராதம் விதிக்கும். நகையும் பத்திரமும் அங்கே இருக்கவே கூடாது. வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து, மோட்டாரை ஓடவிட, நம்பிக்கையான ஒருவருக்குச் சம்பளம் பேசிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | நாமே பிரிப்பது | மொத்தமாகக் கொடுப்பது | கிடங்கு | பூட்டி வைப்பது |
|---|---|---|---|---|
| தேவைப்படும் காலம் | பல நாள் | ஓரிரு நாள் | ஓரிரு நாள். பிறகு இன்னொரு முறை | இப்போது ஏதுமில்லை |
| கைக்கு வரும் பணம் | சற்றுக் கூடுதல் | குறைவு | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | விடுப்பு, பயணம், மனத்தாங்கல் | விட்டுப்போகும் மிச்சம் | மாத வாடகை, இரட்டைக் கூலி | வரி, கரையான், மோட்டார் |
| முக்கிய ஆபத்து | பாதியில் நிற்பது | காகிதமும் நகையும் கலந்து போவது | தேதியில்லாமல் நீள்வது | வீடே பழுதாவது |
| யாருக்கு ஏற்றது | உள்ளூரில் ஒரு பிள்ளையாவது இருப்பவர் | வாடகை வீடு, நாள் இல்லாதவர் | வருகைத் தேதி ஒத்துவராத உடன்பிறப்புகள் | துக்க ஆண்டு, தகராறு |

## குரோம்பேட்டை வீட்டுக்கு நான் சொன்னது

முதல் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். முதல் சில நாள் காகிதமும் பீரோவும் சாமி அலமாரியும். யாரையும் உள்ளே விடாதீர்கள். அடுத்து உறவுக்கும் வேலைக்கார அம்மாவுக்கும் உரியவை. அதன் பிறகு பரணும் சமையலறையும். மீதியை மொத்தமாகப் பேசிவிடுங்கள். அப்போது கட்டிலுக்கு இரண்டாயிரம் குறைந்தது என்று வருந்தாதீர்கள். ஊருக்குத் திரும்பும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக அந்த வண்டி போய்விட வேண்டும். மிச்சம் என்று ஏதோ ஒன்று எப்போதும் இருக்கும்.

அண்ணன் தஞ்சாவூர் ஓவியத்தையோ தாத்தா காலத்து வெண்கல விக்கிரகத்தையோ நியூஜெர்சிக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டால், அதன் வயதைப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களும் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பழையதாகத் தோன்றும் புதுப் பொருளுக்கும் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் நிற்க வேண்டியதில்லை.

இணைப்புகளை மூடும் வரிசையிலும் கவனம் வேண்டும். பால், நாளிதழ், கேபிள் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். சமையல் எரிவாயு இணைப்பை ஒப்படைக்கும்போது சிலிண்டரோடும் ரெகுலேட்டரோடும் பழைய வைப்புத்தொகை ரசீதையும் கொண்டுபோங்கள். வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். மின் இணைப்பைக் கடைசி வரை விட்டுவையுங்கள். வீடு வெறுமையான பிறகு கழுவிவிட மோட்டார் ஓட வேண்டும், பரணின் மூலையை மறுபடி ஒருமுறை பார்க்க விளக்கு எரிய வேண்டும்.